ஆக்டேவியா ஆர்எஸ் 1.8 டர்போ: ஹெட்டை இறக்கும் முன்னும் பின்னும் எதையெல்லாம் அளக்க வேண்டும்?

கேள்வி
பதிவிட்டவர்: கொங்குச்சாலை

நண்பர்கள் அனைவருக்கும் வணக்கம். என்னிடம் 2005ஆம் ஆண்டில் தயாரான ஸ்கோடா ஆக்டேவியா ஆர்எஸ் கார் இருக்கிறது. சிலிண்டருக்கு ஐந்து வால்வு வீதம் இருபது வால்வுகள் கொண்ட 1781 சி.சி. டர்போ பெட்ரோல் என்ஜின். ஆலையிலிருந்து வந்தபோது 150 குதிரைத்திறன் என்பது கணக்கு. எனக்கு முன்பு வைத்திருந்தவர் ரீமேப் (என்ஜின் கணினியின் மென்பொருளை மாற்றுவது) செய்திருப்பதால் இப்போது அதைவிடக் கூடுதலாகவே இழுக்கிறது. இந்தக் காரை விற்கும் எண்ணம் எனக்கு இல்லை. ஆகவே செலவைக் குறைப்பதைவிட வேலையைச் சரியாகச் செய்து முடிப்பதே என் நோக்கம்.

சென்ற மாதம் சேலத்திலிருந்து கோவைக்கு வந்துகொண்டிருந்தபோது, வயதாகிப் போயிருந்த கூலன்ட் ரப்பர் குழாய் ஒன்று நெடுஞ்சாலையிலேயே வெடித்தது. வெப்பமானி முள் நடுக்கோட்டைத் தாண்டியதும் ஓரங்கட்டி என்ஜினை நிறுத்திவிட்டேன். அங்கிருந்து வண்டி லாரியில்தான் வீடு வந்தது. குழாயை மாற்றிப் புது கூலன்ட் ஊற்றிய பிறகு சில நாட்கள் எல்லாம் சரியாக இருப்பது போலவே தெரிந்தது. இப்போது காலையில் முதல் முறை ஸ்டார்ட் செய்யும்போது என்ஜின் சிறிது நேரம் நடுங்குகிறது, புகைபோக்கியில் வெள்ளைப் புகை நெடுநேரம் நிற்கிறது, வெளியே எங்கும் கசிவு இல்லாமலேயே கூலன்ட் குறைகிறது. எண்ணெய் மூடியில் வெள்ளைக் குழம்பு எதுவும் இதுவரை தென்படவில்லை.

கம்ப்ரெஷன் சோதனை செய்ததில் ஒன்றாம் சிலிண்டரில் 11.2 பார், இரண்டில் 8.1, மூன்றில் 8.4, நான்கில் 11 பார் கிடைத்தது. எனக்கு நன்கு பழக்கமான மெக்கானிக் ஹெட்டை (சிலிண்டர்களை மேலே மூடும், வால்வுகள் உள்ள பகுதி) இறக்கி, ஃபேஸிங் போட்டு (அடிமுகத்தைச் சீவி மட்டமாக்கி), வால்வு லேப்பிங் செய்து (பசை தடவித் தேய்த்துப் பொருத்தி), ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவே புது கேஸ்கெட் வைத்துவிடலாம் என்கிறார். அவர் கைவேலையில் எனக்குக் குறை இல்லை. ஆனாலும் இது டர்போ என்ஜின் என்பதாலும், ரீமேப் செய்யப்பட்டது என்பதாலும், இந்த ஹெட்டில் பழகியவர்களின் கருத்தைக் கேட்டுவிட்டுத் தொடங்க விரும்புகிறேன். ஹெட்டை இறக்கினாலே ஃபேஸிங் போட்டுத்தான் ஆக வேண்டுமா? பழைய ஹெட் போல்ட்டுகளையே திரும்பப் போடலாமா, அல்லது ஏஆர்பி நிறுவனத்தின் வலுவான ஸ்டட்டுகளுக்கு மாறுவது நல்லதா? லேத் பட்டறைக்கு ஹெட்டைக் கொடுக்கும்போது நான் குறிப்பாக என்னென்ன கேட்டுப் பெற வேண்டும்?

மறுமொழி 1
பதிவிட்டவர்: இருபதுவால்வு

வணக்கம் நண்பரே. சோதனை எண்களை எழுதியே கேள்வி கேட்டிருக்கிறீர்கள் என்பதால் நேரே விஷயத்துக்கு வருகிறேன். ஓரங்களில் உள்ள ஒன்றும் நான்கும் நன்றாக இருக்க, அடுத்தடுத்து நிற்கும் இரண்டும் மூன்றும் சேர்ந்து ஏறக்குறைய ஒரே அளவுக்குக் குறைந்திருக்கின்றன. பிஸ்டன் வளையமோ வால்வோ கெட்டால் இப்படிப் பக்கத்துச் சிலிண்டர்கள் ஜோடியாக இறங்குவது அரிது. இரண்டு துளைகளுக்கும் இடையே உள்ள குறுகலான பகுதியில் கேஸ்கெட் விட்டுப்போயிருப்பதற்கே வாய்ப்பு அதிகம். இந்த என்ஜினுக்குத் தேய்மான எல்லை 7 பார் என்பதால் தனித்தனியாகப் பார்த்தால் நான்கு எண்ணும் தேறிவிடும். ஆனால் சிலிண்டர்களுக்கு இடையே 3 பாருக்கு மேல் வேறுபாடு இருக்கக் கூடாது என்ற நிபந்தனையில் உங்கள் என்ஜின் தவறுகிறது.

அப்படியிருந்தும் ஹெட்டை இறக்குவதற்கு முன்பு இரண்டு சோதனைகளைச் செய்துவிடுங்கள் என்று வலியுறுத்துவேன். முதலாவது லீக்-டவுன் சோதனை. சிலிண்டரை, பிஸ்டன் உச்சியில் நிற்கும் மேல்நிலைக்குக் கொண்டுவந்து, பிளக் துளை வழியாகக் காற்றழுத்தம் கொடுத்து, காற்று எங்கே வெளியேறுகிறது என்று காது கொடுத்துக் கேளுங்கள். இரண்டாம் சிலிண்டருக்குக் கொடுத்த காற்று மூன்றின் பிளக் துளையில் வந்தால் நான் மேலே சொன்னது உறுதியாகிவிடும். கூலன்ட் தொட்டியில் குமிழி வந்தால் கசிவு நீர்வழிக்கும் எட்டியிருக்கிறது. எண்ணெய் ஊற்றும் வாயில் சீறினால் வளையங்களையும் சந்தேகப்பட வேண்டும். புகைபோக்கியில் கேட்டால் எக்ஸாஸ்ட் வால்வு. இந்த விவரம் முன்கூட்டியே கையில் இருந்தால், ஹெட்டைக் கழற்றிய பிறகு எந்த இடத்தை உற்றுப்பார்க்க வேண்டும் என்பது தெரிந்திருக்கும். இரண்டாவது, கூலன்ட் தொட்டியின் வாயில் வைத்துச் செய்யும் ரசாயனச் சோதனை. சிலிண்டரில் எரிந்த வாயு நீரில் கலந்திருந்தால் அந்த நீல நிறத் திரவம் மஞ்சளாகிவிடும். செலவு குறைவு, முடிவு தெளிவு.

கழற்றும் வேலையைப் பொறுத்தவரை, என்ஜினை வண்டியிலிருந்து வெளியே எடுக்கத் தேவையில்லை. எதையும் தளர்த்துவதற்கு முன்பு கிராங்க்ஷாஃப்டை முதல் சிலிண்டரின் மேல்நிலைக்குக் கொண்டுவாருங்கள். கேம் (வால்வுகளைத் திறக்கும் தண்டு) சக்கரத்தின் குறி சேர வேண்டிய எதிர்க்குறி வால்வு மூடியின் மேல்தான் இருக்கிறது என்பதால், மூடியைக் கழற்றிவிட்டுக் குறியைத் தேடுவோர் திண்டாடுவார்கள். மூடி இருக்கும்போதே நிலையை உறுதிசெய்து, சக்கரத்துக்கும் ஹெட்டுக்கும் பொதுவாக உங்கள் சொந்தக் குறி ஒன்றையும் போட்டுவிடுங்கள். இந்த என்ஜினில் டைமிங் பெல்ட் எக்ஸாஸ்ட் கேமை மட்டுமே சுழற்றுகிறது. இன்டேக் கேமை மறுமுனையில் உள்ள சிறிய சங்கிலி ஓட்டுகிறது. ஹெட்டை மட்டும் இறக்குவதானால் கேம்களைத் தொட வேண்டியதில்லை, ஹெட் போல்ட்டுகளைக் கேம்கள் இருக்கும்போதே எட்டலாம். ஆனால் வால்வு வேலை இருக்கிறது என்பதால் உங்களுக்குப் பின்னர் கேம்களும் வெளியே வந்தே தீரும். அப்போது சங்கிலியை அழுத்திப் பிடிக்கும் டென்ஷனரை அதற்குரிய கருவியால் இறுக்கி வைத்துவிட்டுக் கழற்றுங்கள். திரும்பப் பூட்டும்போது இரு கேம்களின் வெட்டுக்குறிகளுக்கு இடையே சங்கிலியில் 16 உருளைகள் இருக்க வேண்டும். ஒரு உருளை பிசகினாலும் இன்டேக் வால்வுகளின் நேரம் மாறிவிடும்.

டர்போ பக்கத்தில் பொறுமை வேண்டும். இருபது ஆண்டு வெப்பத்தில் இறுகிப்போன எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு நட்டுகளுக்கு முந்தைய நாளே துருநீக்கி எண்ணெய் விட்டு ஊறவைத்தால், ஸ்டட் உடைந்து ஹெட்டுக்குள் தங்குவதைப் பெரும்பாலும் தவிர்க்கலாம். டர்போவுக்குப் போகும் எண்ணெய்க் குழாயையும் நீர்க் குழாய்களையும் பிரித்த உடனே வாய்களை அடைத்துவிடுங்கள். அங்கே விழும் ஒரு சிறு மணல் துகள் டர்போவின் பேரிங்கைத் தின்றுவிடும்.

ஹெட் போல்ட்டுகள் மொத்தம் பத்து. என்ஜின் முழுமையாகக் குளிர்ந்த பிறகே அவற்றைத் தொட வேண்டும். ஓரத்தில் தொடங்கி நடுவை நோக்கி, ஒரே மூச்சில் அல்லாமல் படிப்படியாகத் தளர்த்துங்கள். சூடான அலுமினிய ஹெட்டை ஒரு பக்கமாக விடுவித்தால், கூலன்ட் குறைந்தபோது வளையாமல் தப்பியதும் அந்த இடத்தில் வளைந்துவிடலாம். ஹெட் பிளாக்கோடு ஒட்டிக்கொண்டால் கேஸ்கெட் இடைவெளியில் நெம்புகோல் நுழைக்கக் கூடாது. மேனிஃபோல்டு பொருந்தும் பக்கவாட்டுப் பகுதிகளைப் பிடித்து அசைத்தால் விடும். தூக்கிய ஹெட்டை முகம் கீழாகத் தரையில் வைக்காதீர்கள். கேம்கள் உள்ளே இருக்கும்வரை சில வால்வுகள் திறந்து வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். இரண்டு மரக்கட்டைகளின் மேல் வையுங்கள்.

போல்ட் பற்றிய கேள்விக்குச் சுருக்கமான பதில்: பழையவற்றைத் திரும்பப் போடக் கூடாது. இவை மீள்தன்மையின் எல்லையைத் தாண்டும் அளவுக்கு நீட்டி இறுக்கப்படும் வகை. ஒரு முறை நீண்டதை மீண்டும் நீட்டினால் அதே பிடிமானம் கிடைக்கும் என்பதற்கு உறுதி இல்லை.

மறுமொழி 2
பதிவிட்டவர்: திருகுவிசை

மேலே நண்பர் கழற்றும் பகுதியை முழுமையாகச் சொல்லிவிட்டார். எனக்கு லேத் பட்டறை வேலையில்தான் நீண்ட பழக்கம். ஆகவே ஃபேஸிங் பற்றிய உங்கள் கேள்விக்கு மட்டும் விரிவாகப் பதில் தருகிறேன்.

ஹெட் இறங்கினால் ஃபேஸிங் போட்டே ஆக வேண்டும் என்பது நம் ஊர்ப் பட்டறைகளில் சடங்காகவே ஆகிவிட்டது. அளந்து பார்த்து, தேவை இருந்தால் மட்டும், தேவையான அளவுக்கு மட்டும் சீவ வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. முதலில் ஹெட்டின் முகத்தைப் பழைய கேஸ்கெட் ஒட்டல் இல்லாமல் சுத்தம் செய்யுங்கள். அதற்கு மரம் அல்லது பிளாஸ்டிக் சுரண்டியும் கரைப்பானும் போதும். கை டிரில்லில் மாட்டும் உராய்வு வட்டுகளை அலுமினியத்தின் மேல் ஓட்டவே கூடாது. அவை கண்ணுக்குத் தெரியாத பள்ளங்களை உண்டாக்குவதோடு, உதிரும் துகள்கள் எண்ணெய் வழியே போய் கிராங்க் பேரிங்குகளையும் கெடுக்கும். பிறகு துல்லியமான நேர்விளிம்புக் கோலை முகத்தின் நீளவாட்டில் இரு ஓரங்களிலும் நடுவிலும், அகலவாட்டில் சிலிண்டர்களுக்கு இடையேயும், இரு மூலைவிட்டங்களிலும் வைத்து, அடியில் ஃபீலர் கேஜ் (தடிமன் குறித்த மெல்லிய தகடு) நுழைத்துப் பாருங்கள். இந்த ஹெட்டுக்கு அனுமதிக்கப்பட்ட அதிகபட்ச வளைவு 0.1 மி.மீ. அதற்குள் இருந்து, முகத்தில் அரிப்போ கீறலோ இல்லை என்றால், அதை இயந்திரத்தில் ஏற்றவே தேவையில்லை.

இதில் பலர் கவனிக்காத ஒன்று இருக்கிறது. சூட்டினால் ஹெட் வில் போல் வளையும்போது கேஸ்கெட் முகம் மட்டும் வளைவதில்லை. மேலே கேம்ஷாஃப்ட் உட்காரும் பேரிங் வரிசையும் அதோடு சேர்ந்தே வளைகிறது. கீழ்முகத்தைச் சீவினால் கீழே மட்டம் கிடைக்கும். மேலே உள்ள கோணல் அப்படியே இருக்கும். அப்படிப்பட்ட ஹெட்டில் நேரான கேமைப் போட்டு இறுக்கினால் நடுப் பேரிங் தொப்பிகளில் உராய்வு கூடி, சில ஆயிரம் கிலோமீட்டருக்குள் தேய்மானம் தொடங்கிவிடும். எனவே கேமுக்கும் வால்வுக்கும் இடையே நிற்கும் லிஃப்டர்களை எல்லாம் எடுத்துவிட்டு, கேமை மட்டும் எண்ணெய் தடவி வைத்து, பேரிங் தொப்பிகளை வரிசை எண் மாறாமல் 10 நியூட்டன் மீட்டருக்கு இறுக்கி, கையால் சுழற்றிப் பாருங்கள். எங்கும் பிடிக்காமல் ஒரே சீராகச் சுழன்றால் கவலை இல்லை. பிடித்தால், ஃபேஸிங் பேச்சை நிறுத்திவிட்டு, ஹெட்டை வெப்ப உலையில் வைத்து நிமிர்த்தும் வசதி உள்ள இடத்தைத் தேட வேண்டும்; அல்லது வேறு ஹெட் வாங்க வேண்டும். கடுமையாகச் சூடேறிய அலுமினியம் தன் கடினத்தன்மையை இழந்து மென்மையாகிவிடுவதும் உண்டு என்பதால், கடினத்தன்மை அளக்கும் கருவி உள்ள பட்டறையாக இருந்தால் அதையும் கேட்டுப் பாருங்கள். மென்மையான ஹெட் எத்தனை முறை சீவினாலும் போல்ட் தலைகளுக்கு அடியில் அமுங்கிக்கொண்டே போகும்.

சீவுவதை ஏன் இவ்வளவு தயக்கத்தோடு பேசுகிறேன் என்பதைக் கணக்கிலேயே காட்டுகிறேன். துளை விட்டம் 81 மி.மீ., பிஸ்டன் ஓட்டம் 86.4 மி.மீ. என்பதால் ஒரு சிலிண்டரின் கொள்ளளவு சுமார் 445 சி.சி. உங்கள் என்ஜினின் அமுக்க விகிதம் 9.5 என்று வைத்துக்கொண்டால் மேலே மிஞ்சும் எரி அறை 52.4 சி.சி. வருகிறது. துளையின் முழு விட்டத்துக்கும் 0.2 மி.மீ. சீவினால் ஏறக்குறைய 1 சி.சி. குறைந்து, விகிதம் 9.7ஐ நெருங்கும். இயல்பாகக் காற்றை இழுக்கும் என்ஜினுக்கு இது பெரிதல்ல, சிலர் வேண்டியே செய்வார்கள். ரீமேப் செய்த டர்போவில், அதுவும் ஆக்டேன் குறைந்த பெட்ரோல் போட நேர்ந்தால், நாக் (எரிபொருள் நேரம் தவறித் தானாக வெடித்துத் தட்டுவது) தொடங்கும் எல்லை அந்த அளவுக்கு நெருங்கி வருகிறது. வால்வுகளும் பிஸ்டனுக்கு 0.2 மி.மீ. அருகே வரும். கேம் நேரமும் சிறிது பின்தள்ளும். ஆனால் அது பாகையில் ஒரு சிறு பின்னமே என்பதால் அதை நான் பொருட்படுத்த மாட்டேன்.

பட்டறையில் கேட்டுப் பெற வேண்டியவற்றில் முதன்மையானது அழுத்தச் சோதனை. நீர்வழிகளை எல்லாம் அடைத்து, ஹெட்டை வெந்நீர்த் தொட்டியில் மூழ்கவைத்து, உள்ளே காற்றழுத்தம் கொடுத்துப் பார்க்க வேண்டும். வெடிப்பு பல நேரங்களில் உலோகம் சூடாகி விரியும்போதுதான் வாய் திறக்கும், குளிர்ந்த நீரில் அது தெரியாமலே போகலாம். வால்வுகள் மூடும்போது உட்காரும் வளையங்களான சீட்டுகளுக்கு இடையே மயிரிழை போன்ற கோடுகள் தெரிந்தால் உடனே ஹெட்டைக் கழித்துவிட வேண்டாம். 0.3 மி.மீ. அகலத்துக்கு மேற்படாத சிறு வெடிப்புகளும், பிளக் மரையின் முதல் நான்கு சுற்றுகளுக்குள் நிற்கும் வெடிப்புகளும் ஆயுளைக் குறைப்பதில்லை என்று வோக்ஸ்வாகன் கையேடுகளே அனுமதிக்கின்றன. நீர்வழியை எட்டிய வெடிப்பு என்றால் கதை வேறு. அதை வெல்டிங் செய்து ஓட்டுபவர்கள் இருக்கிறார்கள். டர்போ வெப்பத்தில் அந்த வேலையை நான் நம்புவதில்லை.

வால்வுகளில் ஓர் எச்சரிக்கை. இந்த என்ஜினின் எக்ஸாஸ்ட் வால்வுகளுக்குள் சோடியம் நிரப்பப்பட்டிருக்கிறது. இவற்றைக் கிரைண்டிங் இயந்திரத்தில் ஏற்றி முகம் கடையக் கூடாது. பசை தடவி லேப்பிங் செய்ய மட்டுமே அனுமதி. லேப்பிங்கில் தீராத பள்ளம் இருந்தால் புது வால்வுதான் வழி. பழையதை வெட்டிப் பார்ப்பதோ நீரில் போடுவதோ ஆபத்து. சீட் வெட்டுவதிலும் கட்டுப்பாடு வேண்டும். சீட்டை ஆழப்படுத்தினால் வால்வின் தண்டு மேலே ஏறும், ஹைட்ராலிக் லிஃப்டர் வேலை செய்ய இடம் இருக்காது, வால்வு முழுதாக மூடாமல் எரியும். தண்டு முனைக்கும் ஹெட்டின் மேல்விளிம்புக்கும் இடையே இருக்க வேண்டிய குறைந்தபட்ச அளவு கையேட்டில் இருக்கிறது. மூன்று இன்டேக் வால்வுகளில் நடுவிலுள்ளதற்கு ஓர் அளவும் ஓரங்களில் உள்ளவற்றுக்கு வேறோர் அளவும் என்பதைப் பட்டறைக்காரரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். வால்வு தண்டு சீல்கள் இருபதையும் மாற்றிவிடுங்கள். எல்லாம் கோத்த பிறகு, ஹெட்டைக் கவிழ்த்து எரி அறைகளில் மண்ணெண்ணெய் ஊற்றி, போர்ட் (வாயு போய்வரும் வழி) பக்கம் ஈரம் கசிகிறதா என்று பார்த்துவிட்டே எடுத்துவாருங்கள்.

மறுமொழி 3
பதிவிட்டவர்: கரிப்பந்தயம்

திருகுவிசை ஐயா சொன்னதில் பெரும்பகுதி எனக்கும் ஏற்புடையதே. கேம் வரிசையைச் சோதிக்கச் சொன்னதற்கு அவருக்குத் தனியாக நன்றி. ஆனால் வளைவு 0.1 மி.மீ.க்குள் இருந்தால் இயந்திரத்தில் ஏற்றவே வேண்டாம் என்பதில் நான் மாறுபடுகிறேன். பந்தய வண்டிகளில் வேலை செய்பவன் என்ற முறையில் சொல்கிறேன்: பல அடுக்கு உலோகக் கேஸ்கெட் எதிர்பார்ப்பது மட்டத்தை மட்டுமல்ல, முகத்தின் வழவழப்பையும்தான். பழைய கூட்டுப்பொருள் கேஸ்கெட் முகத்தின் சொரசொரப்புக்குள் தன்னை அமுக்கிக்கொள்ளும். உலோக அடுக்குகளுக்கு மெல்லிய மேற்பூச்சு மட்டுமே இருப்பதால் அவற்றால் அது முடியாது. சராசரிச் சொரசொரப்பு 0.8 மைக்ரானுக்குள் இருந்தால் நிம்மதியாக இருக்கலாம். இருபது ஆண்டு ஓடிய ஹெட்டில், நீர்த்துளைகளைச் சுற்றி அரிப்பு ஏறிய பிறகு, அந்த வழவழப்பு மிஞ்சியிருக்கும் என்று என்னால் நம்ப முடியவில்லை. ஆகவே 0.05 மி.மீ. அளவுக்காவது மிக மெல்லிதாக ஒரு சீவல் எடுக்கச் சொல்வேன். அதனால் அமுக்க விகிதத்தில் வரும் மாற்றம் மிகச் சிறியது.

எதில் சீவுகிறார்கள் என்பதே இங்கு முக்கியம். பழைய அரவைக்கல் இயந்திரத்தில் தேய்த்தால் அலுமினியம் கல்லில் அப்பிக்கொண்டு முகத்தில் கோடு இழுக்கும். ஒற்றை வெட்டுமுனை கொண்ட மில்லிங் இயந்திரத்தில், மெதுவான ஊட்டத்தில், ஒரே ஓட்டமாக எடுக்க வேண்டும். நகத்தை முகத்தின் குறுக்கே இழுத்தால் எங்கும் தட்டக் கூடாது.

இன்னொன்றையும் யாரும் இதுவரை சொல்லவில்லை. பிளாக்கின் மேல்முகத்தையும் அதே நேர்விளிம்புக் கோலால் அளந்து பாருங்கள். இந்த என்ஜினின் பிளாக் வார்ப்பிரும்பு என்பதால் எளிதில் வளையாது. என்றாலும் இரண்டு, மூன்றாம் துளைகளுக்கு இடையே வாயு அரித்துப் பள்ளம் விழுந்திருந்தால், ஹெட்டை எவ்வளவு அழகாகச் செய்தாலும் கேஸ்கெட் மீண்டும் அங்கேயே போகும்.

ஏஆர்பி ஸ்டட் பற்றிக் கேட்டிருந்தீர்கள். டர்போவை மாற்றாமல் ரீமேப் மட்டும் செய்த வண்டிக்குப் புதிய அசல் போல்ட்டுகளே தாராளமாகப் போதும். பெரிய டர்போவும் அதற்கேற்ற காற்றழுத்தமும் வைக்கும் திட்டம் இருந்தால் மட்டும் அந்தப் பணத்தைச் செலவிடுங்கள். அப்போதும் ஸ்டட்டோடு வரும் மசகுப் பசையையும் அதற்கென்று கொடுக்கப்பட்ட முறுக்கு அளவையும்தான் பின்பற்ற வேண்டும், போல்ட்டுக்கான அளவை அல்ல.

கொங்குச்சாலை (கேள்வி கேட்டவர்)

அனைவருக்கும் என் மனமார்ந்த நன்றி. லீக்-டவுன் சோதனையில் இரண்டுக்குக் கொடுத்த காற்று மூன்றின் பிளக் துளையில் தெளிவாகக் கேட்டது. கூலன்ட் தொட்டியிலும் மெல்லிய குமிழி வந்தது. ரசாயனத் திரவம் மஞ்சளாகிவிட்டது. அதன் பிறகே ஹெட்டை இறக்கினோம். இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவே கேஸ்கெட்டின் வளைய விளிம்பு கருகிப் பிரிந்திருக்கிறது. நேர்விளிம்புக் கோலில் ஹெட்டின் நீளவாட்டில், நடுப்பகுதியில், 0.15 மி.மீ. ஃபீலர் நுழைகிறது. பிளாக்கில் 0.05 மி.மீ.யே நுழையவில்லை, அரிப்பும் இல்லை. கேம்கள் இரண்டும் லிஃப்டர் இல்லாமல் சீராகச் சுழல்கின்றன. வெந்நீர் அழுத்தச் சோதனையில் குமிழி இல்லை. நான்காம் சிலிண்டரின் எக்ஸாஸ்ட் சீட்டுகளுக்கு இடையே மட்டும் ஒரு மயிரிழைக் கோடு இருக்கிறது, 0.1 மி.மீ. ஃபீலர்கூட அதில் நுழையவில்லை.

இந்த நிலையில் எவ்வளவு சீவச் சொல்வது, பூட்டும்போது எதில் கூடுதல் கவனம் வேண்டும் என்பதைத் தெரிவித்தால் உதவியாக இருக்கும்.

மறுமொழி 4
பதிவிட்டவர்: திருகுவிசை

அளவுகள் நம்பிக்கை தருகின்றன. 0.1 எல்லையைத் தாண்டிவிட்டதால் சீவுவது இப்போது அவசியமே. கரிப்பந்தயம் வழவழப்பைப் பற்றிச் சொன்னதும் அதிலேயே நிறைவேறிவிடும். முகம் முழுதும் ஒரே நிறமாகச் சுத்தமாகும் வரை மட்டும் எடுக்கச் சொல்லுங்கள், 0.15இல் தொடங்கி 0.2க்குள் முடிந்துவிடும். சீவுவதற்கு முன்னும் பின்னும் ஹெட்டின் மொத்த உயரத்தை நான்கு மூலைகளிலும் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். உங்கள் என்ஜின் குறியீட்டுக்கான கையேட்டில் உள்ள குறைந்தபட்ச உயரத்துக்குக் கீழே அது போகக் கூடாது. முந்தைய உரிமையாளர் காலத்தில் ஏற்கெனவே ஒரு முறை சீவியிருக்கிறார்களா என்பதும் அந்த அளவிலேயே தெரிந்துவிடும். நான்காம் சிலிண்டரின் மயிரிழைக் கோட்டை அப்படியே விடலாம்.

மறுமொழி 5
பதிவிட்டவர்: இருபதுவால்வு

பூட்டும் பகுதிக்கு நான் வருகிறேன். பிளாக்கின் பத்து போல்ட் துளைகளையும் முதலில் பாருங்கள். அவற்றில் எண்ணெயோ கூலன்டோ தேங்கியிருக்கும்போது போல்ட்டை முறுக்கினால், அடைபட்ட திரவம் வெளியேற வழியின்றிப் பிளாக்கையே பிளந்துவிடும். முறுக்கு அளவும் பொய்யாகக் காட்டும். உறிஞ்சி எடுத்து, காற்றால் ஊதி, பழைய போல்ட் ஒன்றின் மரையில் நீளவாக்கில் கோடு அறுத்து அதையே துளைகளில் ஓட்டி அழுக்கை எடுங்கள். மரை வெட்டும் டேப்பைப் போட வேண்டாம், அது நல்ல உலோகத்தையும் சேர்த்து அரியும்.

ஹெட்டை வைப்பதற்கு முன்பு கிராங்க்ஷாஃப்டை மேல்நிலையிலிருந்து சற்றுப் பின்னால் திருப்பி, நான்கு பிஸ்டன்களும் கீழே இறங்கி நிற்குமாறு செய்யுங்கள். இது வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளும் வகை என்ஜின். புது கேஸ்கெட்டை, அதன் எண் மேலே படிக்கத் தெரியும்படி, உலர்ந்த முகத்தில் எந்தப் பசையும் தடவாமல் வையுங்கள். இரண்டு பழைய போல்ட்டுகளின் தலையை அறுத்து ஓரத் துளைகளில் வழிகாட்டிகளாக நிறுத்திக்கொண்டால், ஹெட் இறங்கும்போது கேஸ்கெட் நகராது. முறுக்குவது நடுவிலிருந்து ஓரங்களை நோக்கி: பத்தையும் 40 நியூட்டன் மீட்டர் வரை கொண்டுவந்து, பிறகு ஒவ்வொன்றையும் 90 பாகை, மீண்டும் அதே வரிசையில் இன்னொரு 90 பாகை. ஒவ்வொரு போல்ட் தலையிலும் வண்ணப் புள்ளி வைத்துக்கொண்டால் எது முடிந்தது, எது மீதம் என்பதில் குழப்பம் வராது. இந்தக் கேஸ்கெட்டுக்குப் பிற்பாடு மறுமுறுக்கு தேவையில்லை.

டைமிங் பெல்ட்டோடு டென்ஷனர், உருளை, நீர்ப் பம்பு எல்லாவற்றையும் இப்போதே மாற்றுங்கள். பழைய பம்புகளில் இருக்கும் பிளாஸ்டிக் இறக்கை உடைந்தோ தண்டிலிருந்து நழுவியோ போனால் வெளியே எந்தக் கசிவும் இல்லாமலேயே ஹெட் மறுபடி சூடேறும் என்பதால், உலோக இறக்கை உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். தெர்மோஸ்டாட்டையும், ஹெட்டின் பின்புறமுள்ள பிளாஸ்டிக் நீர் இணைப்பையும் அதோடு மாற்றினால் இன்னும் பல ஆண்டுகள் அந்தப் பக்கம் போக வேண்டியிருக்காது.

பெல்ட் ஏறியதும் கிராங்க்கை கையால் இரண்டு முழுச் சுற்றுகள் சுழற்றிக் குறிகளைச் சரிபாருங்கள். எங்கேயாவது தட்டினால் வலிந்து திருப்பாமல் நிறுத்துங்கள். லிஃப்டர்கள் அமுங்கி நிலைக்கு வர கேம் பூட்டிய பிறகு சுமார் அரை மணி நேரம் என்ஜினை ஸ்டார்ட் செய்யாதீர்கள். முதல் ஸ்டார்ட்டுக்கு முன் எரிபொருளையும் தீப்பொறியையும் துண்டித்துவிட்டு, எண்ணெய் அழுத்த விளக்கு அணையும்வரை ஸ்டார்ட்டரில் மட்டும் சுழலவிடுங்கள். வறண்டு கிடக்கும் டர்போ பேரிங்குக்கு எண்ணெய் எட்ட இதுவே வழி. ஜி12 கூலன்டை ஊற்றி, ஹீட்டரைத் திறந்துவைத்து, ரேடியேட்டர் மின்விசிறி தானாகச் சுழலும்வரை ஓட்டிக் காற்றை வெளியேற்றுங்கள். முதல் எண்ணெயைச் சில நூறு கிலோமீட்டரிலேயே மாற்றிவிடுவது நல்லது.

ரீமேப் கோப்பை உடனே முழு அழுத்தத்தோடு பயன்படுத்த வேண்டாம். அமுக்க விகிதம் சிறிது உயர்ந்திருப்பதால், முதலில் ஆலைக் கோப்பைத் திரும்ப ஏற்றி, 95 ஆக்டேன் பெட்ரோலில் ஓட்டுங்கள். பிறகு ரீமேப்பை ஏற்றி, வாகன நடமாட்டம் இல்லாத பாதுகாப்பான இடத்தில் மூன்றாம் கியரில் முழு ஆக்ஸிலரேட்டர் கொடுத்து, என்ஜின் கணினியின் தகவலைப் படிக்கும் வாக்-காம் மென்பொருளில் 020ஆம் அளவீட்டுத் தொகுதியைப் பதிவு செய்யுங்கள். நாக் காரணமாக ஒவ்வொரு சிலிண்டரிலும் தீப்பொறி எத்தனை பாகை பின்வாங்குகிறது என்பதை அது தனித்தனியாகக் காட்டும். நான்கிலும் சிறிய எண்கள் வந்து போனால் பொருட்படுத்த வேண்டாம். ஏதாவது ஒன்று தொடர்ந்து பெரிய எண்ணைக் காட்டினால், ரீமேப் செய்தவரிடம் அந்தப் பதிவைக் கொடுத்து இக்னிஷன் நேரத்தைக் குறைக்கச் சொல்லுங்கள். பதிவை இங்கேயும் போட்டால் சேர்ந்து பார்க்கலாம்.